முதல் புத்தகம் ஐந்து பாகமாகத்தான் இருக்க வேண்டுமா?
தமிழ் இலக்கியம் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு 'பொன்னியின் செல்வன்' நாவல் ஒன்றே போதும் என்று இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மூன்று முறை படித்தவள் நான், இப்போதும் பிடிக்கும். ஆனால் அது 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த தொடர். காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தவர்களுக்காக எழுதியது. ஐந்து பாகங்களையும் ஒரே கட்டாகக் கையில் கொடுத்தால் பலருக்கு மலைப்புதான் வரும். என் அத்தைக்கு அப்படித்தான் கொடுத்தேன். முதல் பாகத்தின் தொடக்கத்தில் அவர் செருகிய பஸ் டிக்கெட் ஒரு வருஷம் அங்கேயே இருந்தது. அப்புறம் 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது, லாரிக்குக் குடம் போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தவரிடம் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைக் கொடுத்தேன். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவிக்கும் ஒரு சென்னைத் தெருவின் கதை, சின்னப் புத்தகம். இரண்டே நாளில் முடித்துவிட்டு, "இது நம்ம தெருடீ" என்றார். அதில் டீச்சரம்மா நாயகி ஜமுனாவிடம் பேசும் இடத்தை எனக்குச் சத்தமாக வாசித்தும் காட்டினார், குரல் லேசாக நடுங்கியது. இதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், பத்தாவது முடித்த மகளுக்குப் படிக்க என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார். கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையில் ஆரம்பியுங்கள். பிள்ளைகள் ஏறி ரயில் விளையாடும் கதவைத் தீர்வை (நிலவரி) பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகிற கதை. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் படித்துவிடலாம். பிடித்திருந்தால் அடுத்தது என்ன என்று அவளே கேட்பாள். அத்தை இப்போது தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறார், பாதி தாண்டிவிட்டார்.