ஒரு பென்சில் கொண்டுவர என்னய்யா கஷ்டம்?

லண்டனில் நான் பாடும் அமெச்சூர் பாடகர் குழுவுக்கு இந்த சீசனில் பிராம்ஸ், ஹேண்டல், பாக், ரஹ்மானினோவ் என்று மேற்கத்திய இசை மேதைகளின் படைப்புகளாக வரிசைகட்டிக் கச்சேரிகள். ஜெர்மன், ஆங்கிலம், மறுபடி ஜெர்மன், அப்புறம் ரஷ்யத் தேவாலய வழிபாட்டு மொழியான சர்ச் ஸ்லாவோனிக். வாரத்துக்கு ஒரு மாலைதான் ஒத்திகை. அதற்கும் பாதிப் பேர் வெறுங்கையோடு வருகிறார்கள். தண்ணீர் பாட்டில் இருக்கும், போன் இருக்கும், இருமல் மிட்டாய்கூட இருக்கும். ஸ்கோரில், அதாவது இசைப் புத்தகத்தில், குறித்துக்கொள்ளப் பென்சில் மட்டும் இருக்காது. ஊரில் பாட்டு கிளாஸுக்கு நோட்டு இல்லாமல் போயிருந்தால் டீச்சர் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்.

பிராம்ஸின் ரெக்வியத்தில் (இறந்தோர் நினைவுக்கான இசை) குழு பாடும் முதல் வார்த்தைகள் 'ஸேலிக் ஸிண்ட்'. அந்தக் கடைசி 'ட்' எந்தத் தாளத்தில் விழ வேண்டும் என்று, கையசைத்து எங்களை நடத்தும் கண்டக்டர் சொல்கிறார். குறித்துக்கொண்டவர்கள் ஒன்றாக முடிக்கிறோம். மற்றவர்கள் இஷ்டத்துக்கு முடிக்க, ஆலங்கட்டி மழை மாதிரி ட், ட், ட் என்று கொட்டுகிறது. அடுத்த வாரமும் அதே இடம், அதே விளக்கம். குறித்தவர்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இயேசுவைப் பற்றிய ஹேண்டலின் 'மேசியா' இசைப்படைப்பு இன்னும் மோசம், எல்லோருக்கும் அது 'தெரியும்' என்பதால். 1741-ல் அந்த மனுஷன் 24 நாளில் எழுதியே முடித்துவிட்டார். இவர்களுக்கு எங்கே மூச்சு விடுவது என்று இன்னும் தெரியவில்லை. அல்லேலூயா கோரஸில் கடைசி அல்லேலூயாவுக்கு முன்னால் மொத்தக் குழுவும் சட்டென்று நிற்கும் ஒரு மௌனம் உண்டு. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அதற்குள் தனியாகக் குதிக்கிறார். அந்த இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்துவைத்தால் போதும், 'தலையைத் தூக்கிக் கண்டக்டரைப் பார்' என்று அர்த்தம். வரைய என்ன வேண்டும்? சொல்லித் தொலைக்க வேண்டியதில்லை.

இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் செயின்ட் ஜான் பேஷனிலும் இதே கூத்து. ஒரு பாட்டில் பேஸ் (ஆண்களின் மிகத் தாழ்ந்த குரல்) தனிப்பாடகர் பாடிக்கொண்டே போக, நாங்கள் நடுநடுவே 'வோஹின்?' (எங்கே?) என்று மட்டும் கேட்க வேண்டும். எண்ணிக் குறிக்காதவர் முந்திக் கேட்டுவிடுகிறார். ரஹ்மானினோவின் ஆல்-நைட் விஜில் என்ற வழிபாட்டு இசையில் பக்கவாத்தியமே கிடையாது. 'இந்த இடத்தில் சுருதி இறங்கும், அம்புக்குறி போடுங்கள்' என்றால் போடுவதில்லை. மேலே எல்லோரும் சேர்ந்து அரை ஸ்வரம் இறக்கிவிட்டால், ஐந்தாம் பகுதியின் முடிவில் ஏற்கெனவே பாதாளம்வரை போகவேண்டிய பேஸ்காரர்கள் பாவம் எங்கே போவார்கள்?

சிலர் பேனா கொண்டுவருகிறார்கள். அவர்கள்மேல் இன்னும் கோபம். ஸ்கோர் எல்லாம் வாடகை! அழித்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். டேப்லட் கோஷ்டியோ, எழுதுகோலை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வருகிறது.

கச்சேரி நாளில் காசுக்கு அமர்த்திய ஆர்கெஸ்ட்ரா வருகிறது. வாழ்நாளெல்லாம் அதையே வாசிப்பவர்கள். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஒரு பென்சில், கண்டக்டர் வாய் திறந்ததும் குறித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆள் கையைக் கட்டிக்கொண்டு, "ஞாபகம் இருக்கும்" என்கிறார்.

கமிட்டியில் சொல்லி வாசலில் ஒரு டப்பா நிறையப் பென்சில் வைத்தோம். இப்போது டப்பாவையும் காணோம்.