சாக்ஸுக்கு ஒரு நேர்காணல்

(மேசை மேல் இரண்டு மஃப்ளர், ஒரு ஜோடி சாக்ஸ். சாந்தி கடைசி நூல் முனையை ஊசியில் கோத்துப் பின்னலுக்குள் ஒளித்துக்கொண்டிருக்கிறாள். தம்பி குமார் உள்ளே வருகிறான்.)

குமார்: என்ன அக்கா, கடை விரித்திருக்கிறாய்?

சாந்தி: எல்லாம் இப்போதுதான் முடிந்தது. தொடாதே! முதலில் கையைக் காட்டு.

குமார்: சுத்தமாகத்தான் இருக்கிறது.

சாந்தி: நகம்?

குமார்: நகத்துக்கு என்ன?

சாந்தி: மாட்டி இழுத்தால் ஒரு கண்ணி வெளியே துருத்தும், அக்கம்பக்கத்துக் கண்ணியெல்லாம் சுருங்கிக்கொள்ளும். சரி, உட்கார்.

குமார்: இது என்ன, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயா?

சாந்தி: மஃப்ளர்டா!

குமார்: சுருண்டு கிடக்கிறதே.

சாந்தி: ஒரு வரிசை நிட், அதாவது நேர்க்கண்ணி, ஒரு வரிசை பர்ல், அதாவது அதன் மறுபக்கக் கண்ணி என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஓரம் சுருளத்தான் செய்யும். எல்லா வரிசையும் நிட்டாகவே போட்டால் தட்டையாகக் கிடக்கும், அந்தப் பச்சை மஃப்ளரைப் பார்.

குமார்: தெரிந்துமா இப்படிப் போட்டாய்?

சாந்தி: முகப்பு வழவழவென்று இருக்குமே. ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மெத்தை மேல் விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவைத்தேன். எடுத்தபோது என்ன அழகு!

குமார்: அப்புறம்?

சாந்தி: திரும்பிப் பார்ப்பதற்குள் பழையபடி சுருண்டுவிட்டது. போகட்டும், உன் மாமாவுக்குத்தானே. கழுத்தில் சுற்றினால் தெரியாது. தெரிந்தாலும் அவர் கவனிக்கிற ஆள் இல்லை.

குமார்: சாக்ஸ் யாருக்கு? என் அளவு மாதிரி இருக்கிறதே.

சாந்தி: உனக்குத்தான். நீ தூங்கும்போது காலை அளந்தேன். அதைவிட அரை அங்குலம் குறைத்துப் பின்னினேன்.

குமார்: காலை இறுக்கிப் பிடிக்குமே!

சாந்தி: பின்னல் இழுத்துக் கொடுக்கும். கால் அளவுக்கே பின்னினால் ஷூவுக்குள் மடிந்து உறுத்தும். இந்தக் குதிகாலைப் பார். பாதிக் கண்ணிகளை மட்டும் ஓர் ஊசியில் வைத்து, வரிசையை முடிக்காமல் நடுவிலேயே திரும்பித் திரும்பி வந்தால்தான் இந்தக் குழிவு விழும். ஒரு கண்ணி தப்பினாலும் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். அப்படி எண்ணிக்கொண்டிருக்கும்போது உன் மாமா மணி என்ன என்று கேட்டார்.

குமார்: என்ன சொன்னாய்?

சாந்தி: 47 என்றேன்.

(அக்கா எண்ணும்போது குறுக்கே பேசுகிறவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அவரும் அன்றோடு திருந்திவிட்டார்.)

குமார்: கொடு, போட்டுப் பார்க்கிறேன்.

சாந்தி: (சாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு) பொறு. கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

குமார்: பெண் கொடுக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது!

சாந்தி: பெண்ணுக்கு ஒத்துவராவிட்டால் அவளே கிளம்பி வந்துவிடுவாள். சாக்ஸ் நடந்து வருமா?

குமார்: நான் போட்டுக்கொண்டால் வரும்.

சாந்தி: எப்படித் துவைப்பாய்?

குமார்: மெஷினில்.

சாந்தி: எந்தத் தண்ணீரில்?

குமார்: குழாய்த் தண்ணீரில்.

சாந்தி: வெந்நீரா, பச்சைத் தண்ணீரா?

குமார்: எதைச் சொன்னால் சாக்ஸ் கிடைக்கும்?

சாந்தி: பச்சைத் தண்ணீர். கசக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, நிழலில் படுக்கப் போட வேண்டும்.

குமார்: தாலாட்டு?

சாந்தி: கிண்டலா? இது 75 பங்கு கம்பளி, 25 பங்கு நைலான். குதிகாலும் விரல் நுனியும் சீக்கிரம் தேயாமல் இருக்கத்தான் நைலான். 100 கிராம் உருண்டையில் கிட்டத்தட்ட 400 மீட்டர் நூல், அதில் பெரும்பகுதி உன் காலுக்கே போய்விட்டது.

குமார்: மெஷினில் போடுகிற கம்பளியே கிடையாதா?

சாந்தி: இருக்கிறது, அதற்கென்று பதப்படுத்தியது. அதில் இந்த நிறம் இல்லை.

குமார்: ஓ, நிறத்துக்காக நான் கையால் துவைக்க வேண்டும்.

சாந்தி: அது கிடக்கட்டும். போன குளிருக்குக் கொடுத்த சாம்பல் மஃப்ளர் எங்கே?

குமார்: பத்திரமாக இருக்கிறது.

சாந்தி: எங்கே என்று கேட்டேன்.

குமார்: சமையலறையில்.

சாந்தி: மஃப்ளருக்குச் சமையலறையில் என்ன வேலை?

குமார்: ஒரே ஒரு தடவை வெந்நீரில் போட்டுவிட்டேன் அக்கா. வெளியே வந்தபோது குட்டையாக, தடிமனாக இருந்தது. ஆனால் வீணாக்கவில்லை! நாலாக மடித்தால் குக்கர் இறக்கி வைக்க அளவெடுத்துச் செய்த மாதிரி. மேசையில் இதுவரை ஒரு வடு விழுந்ததில்லை.

சாந்தி: அடப்பாவி! கம்பளி இழையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரிலும் சோப்பிலும் உருட்டினால் ஒன்றோடொன்று மாட்டி இறுகிவிடும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது.

குமார்: அதைத்தான் நானும் சொல்கிறேன், நல்ல உறுதி.

சாந்தி: ஆறடி மஃப்ளர்டா அது!

குமார்: இரண்டாவது குக்கருக்கும் இருந்தால் நல்லது என்று வீட்டில் சொன்னார்கள்...

(சாந்தி பச்சை மஃப்ளரையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.)

குமார்: சரி சரி, பச்சைத் தண்ணீர், துண்டு, நிழல். சத்தியம்!

சாந்தி: கையை நீட்டு. (ஒரே ஒரு சாக்ஸை வைக்கிறாள்.)

குமார்: இன்னொன்று?

சாந்தி: இதைத் துவைத்து எடுத்துக்கொண்டு வா. அளவு மாறாமல் வந்தால் அது.

குமார்: அதுவரை ஒன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சாந்தி: சாக்ஸ் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய் அல்லவா? இன்னும் கொஞ்ச நாள் அப்படியே நில்.