கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் கூலி
தாய்மாருக்கு விழிப்புணர்வு ஊட்டினால் எடை குறைந்த பிள்ளைகள் பிறப்பது குறையும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் என் மச்சாளுக்கு அந்த விழிப்புணர்வு நிறையவே இருந்தது. கர்ப்பகாலத்தில் அவளுக்கென்று மாதம் 2 பக்கற் திரிபோஷா, அரசு இலவசமாகக் கொடுக்கும் சத்துமா. வீட்டிலோ மூன்று சின்னப் பிள்ளைகள். உருண்டை பிடித்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, கிண்ணத்தில் ஒட்டியதை வழித்துத் தின்பாள். அவளுக்குப் போய் சத்துணவு வகுப்பு எடுத்து என்ன பயன்? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'கிளினிக் இலவசம்தானே' என்று கேட்டிருக்கிறார். சரி, இலவசம்தான். ஆனால் ஸ்கேன் எடுக்க மண்டூரில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி, குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிக்குடி போய் வந்தால் பொழுது சாய்ந்துவிடும், அன்றைய வயல் கூலியும் போய்விடும். எட்டாம் மாதம் அவள் போகாமல் விட்டது அதனால்தான்.