வால்ரஸும் கடலடிச் சேறும்

ஆயிரக்கணக்கான வால்ரஸ்கள், அதாவது நீண்ட தந்தமும் மீசையும் உள்ள வடதுருவக் கடல் விலங்குகள், ஒரு கடற்கரையில் முண்டியடித்துக் கிடக்கும் படம் வருடத்துக்கு ஒருமுறையாவது என் பக்கம் சுற்றி வந்துவிடும். கீழே வரும் கருத்துகள் இரண்டே வகைதான். "ஐயோ பாவம், பனி உருகிப்போச்சு" என்று ஒரு கட்சி. "இவ்வளவு கூட்டம் இருக்கே, இதுவா அழியப்போகுது?" என்று இன்னொரு கட்சி. இருவரும் கரையைத்தான் பார்க்கிறார்கள். இந்த விலங்கின் பிழைப்பு நடப்பதோ கடலுக்கு அடியில், சேற்றில். அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த எரிச்சலில்தான் இந்த நீளப் பதிவு.

முதலில் அது எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்துவிடுவோம். தந்தத்தால் சேற்றைத் தோண்டி மட்டி எடுக்கிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இல்லை. தந்தம் பனியில் ஏறவும், தங்களுக்குள் சண்டை போடவும், "நான் பெரியவன்" என்று காட்டவும்தான். தோண்டுவதற்கு மூஞ்சியே போதும். மேலுதட்டில் 400க்கும் மேற்பட்ட தடித்த மீசை முடிகள். வெளிச்சம் எட்டாத கலங்கல் தண்ணீரில் அந்த மீசையால் தரையைத் தடவிக்கொண்டே போகும். ஒரு மட்டி தட்டுப்பட்டால், வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றை விலக்கும், அல்லது துடுப்பை வீசிக் கிளறும். அதிலும் வலது துடுப்பைத்தான் அதிகம் பயன்படுத்துகிறது என்று கிரீன்லாந்தில் நீருக்கடியில் படம் பிடித்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் உதட்டை ஓட்டின் மேல் அழுத்தி, நாக்கைச் சட்டென்று பின்னுக்கு இழுக்கும். வாய்க்குள் உண்டாகும் வெற்றிடத்தில் சதை மட்டும் பிய்த்துக்கொண்டு உள்ளே போய்விடும், வெற்று ஓடு தரையில் கிடக்கும். வடகிழக்குக் கிரீன்லாந்தில் அப்படிக் கிடந்த ஓடுகளை எண்ணிப் பார்த்ததில், ஒரு முழுக்கிற்குச் சராசரியாக 53 மட்டிகள். ஐந்தாறு நிமிடத்தில்!

இப்படி முழுகி முழுகித்தான் ஒரு டன்னைத் தாண்டும் உடம்பை ஓட்ட வேண்டும். ஆழமாகவும் போக முடியும்தான், ஆனால் பெரும்பாலும் 80 மீட்டருக்குள்தான் மேய்கிறது. அதற்கு மேல் போனால் மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் கணக்கு கட்டுப்படியாகாது.

இந்த ஆழக் கணக்குதான் கதையின் மையம். அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள சுக்சி கடல் பெரும்பகுதி 50 மீட்டர் ஆழம்கூட இல்லாத கண்டத்திட்டு, அதாவது நிலத்தின் தொடர்ச்சியாகக் கடலுக்குள் நீளும் ஆழம் குறைந்த தரை. பசிபிக் வால்ரஸ்களில் வளர்ந்த ஆண்கள் பலவும் கோடையில் தெற்கே பெரிங் கடலிலேயே தங்கிவிடும். தாய்களும் குட்டிகளும்தான் உருகிப் பின்வாங்கும் பனியோடு வடக்கே சுக்சிக்குப் போகும். பனித்தட்டில் படுப்பது, இறங்கி மேய்வது, மறுபடி ஏறிப் படுப்பது, இதுதான் அன்றாடம். சாப்பாட்டு மேசைக்கு மேலேயே கட்டிலும் மிதந்துகொண்டிருந்த மாதிரி. தாய் கீழே போய் வரும் வரை குட்டி மேலே இருக்கும். பனித்தட்டு நகர நகர மேய்ச்சல் நிலமும் தானாக மாறும். ஒரே இடத்தை மொட்டையடிக்க வேண்டிய தேவை வராது.

இப்போது கோடை முடிவில் பனி கண்டத்திட்டைத் தாண்டி ஓடிவிடுகிறது. அதற்கு வடக்கே கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். பனி இருக்கிறது, ஆனால் அதற்குக் கீழே எட்டும் தூரத்தில் சோறு இல்லை. ஆகவே "பனி இல்லாமல் குளிர் போதவில்லை" என்கிற மாதிரி எழுதுபவர்களிடம் எனக்கு வாக்குவாதம் உண்டு. வால்ரஸுக்குப் பனி ஒரு திண்ணை. போனது அந்தத் திண்ணைதான்.

எனவே அவை கரையேறுகின்றன. 2007 முதல் அலாஸ்காவின் வடமேற்குக் கரையில் பெருங்கூட்டங்கள் வரத் தொடங்கின. 2014 செப்டம்பரில் பாயிண்ட் லே என்ற சிற்றூர் அருகே சுமார் 35,000. கூட்டம் என்றாலே நெரிசல். ஒரு விமானச் சத்தமோ கரடியின் வாடையோ போதும், மொத்தமும் தண்ணீரை நோக்கிப் பாயும், குட்டிகள் மிதிபடும். 2009இல் அதே கரையில் ஐசி கேப் என்ற இடத்தருகே மட்டும் 131 இளம் வால்ரஸ்கள் செத்துக் கிடந்தன. இது செய்தியாகிறது, படம் கிடைக்கிறதே!

செய்தியாகாதது அந்தப் பயணம். அந்தப் பகுதியின் வளமான மேய்ச்சல் இடம் ஹன்னா திட்டு, சுக்சி கடலுக்குள் ஆழம் குறைந்த ஒரு மேடு. பாயிண்ட் லேயிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை வால்ரஸ்கள் மேல் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, அவை கரையிலிருந்து அங்கே நீந்திப் போய்த் திரும்புவது தெரிந்தது. போக வர 400 கிலோமீட்டருக்கு மேல், சாப்பிட்டதில் ஒரு பங்கு நீச்சலுக்கே செலவு. குட்டியோடு இருக்கும் தாய்க்கு இது என்ன விலை என்று யோசியுங்கள், அவள் இரண்டு வருடம் வரை பால் கொடுப்பவள். போகாமல் கரையை ஒட்டியே மேய்ந்தாலோ, அத்தனை ஆயிரம் வாய்களுக்கு அந்தச் சேறு எத்தனை நாள் தாங்கும்?

சரி, தூரம் ஒரு பக்கம். சேற்றிலேயே சாப்பாடு அப்படியே இருக்கிறதா? இதுதான் என்னை அதிகம் உறுத்துகிற கேள்வி.

இந்தக் கடல்களின் அடித்தளம் இவ்வளவு செழித்ததற்குக் காரணம் மேலே நடக்கும் ஒரு விரயம். வசந்தத்தில் பனியிலும் பனி விளிம்பிலும் பாசி பொங்கி வளரும். தண்ணீர் உறைநிலையை ஒட்டி இருப்பதால், பாசியைத் தின்னும் சிறு மிதவை உயிரிகள் அந்த நேரத்தில் பெருகியிருக்காது. தின்ன ஆளில்லாத பாசி அப்படியே அடியில் போய்ப் படியும். மட்டிக்கும் புழுவுக்கும் விருந்து. பனி சீக்கிரம் உருகினால் பாசி பின்னால், கொஞ்சம் சூடான தண்ணீரில் வளரும். அதற்குள் மேலே தின்பவை தயாராகிவிடும். அவற்றைத் தின்ன மீன் வரும். மீனுக்கு நல்ல காலம், மட்டிக்குப் பஞ்சம். ஜாக்குலின் கிரெப்மையரும் சக ஆய்வாளர்களும் 2006இல் 'சயின்ஸ்' இதழில் வடக்குப் பெரிங் கடலைப் பற்றி எழுதியது இந்தத் திசை மாற்றத்தைத்தான். 2018 குளிர்காலத்தில் பெரிங் கடல் பனி மிகவும் குறைந்துபோக, வழக்கமாகக் கடலடியில் தேங்கி நின்று தெற்கத்தி மீன்களைத் தடுக்கும் குளிர்நீர்ப் படுகை கிட்டத்தட்ட இல்லாமலே போனது. பொல்லாக்கும் காட் மீனும் வடக்கே ஏறின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வால்ரஸ் வெறுமனே தின்றுவிட்டுப் போவதில்லை. அது கிளறிய தரையில் நீண்ட பள்ளங்கள் விழுகின்றன, அடியில் புதைந்த ஊட்டம் மேலே வருகிறது. கடலடியில் நடக்கிற உழவு இது. மேய்ச்சல் இடம் மாறினால் உழவும் இடம் மாறும்.

உடனே ஒருவர் வருவார்: "மட்டி இல்லாவிட்டால் வேறு எதையாவது தின்னட்டும், இயற்கை பழகிக்கொள்ளும்." பாதி சரி. வால்ரஸ் மட்டி மட்டும் தின்கிற விலங்கு இல்லை. பழைய இரைப்பை ஆய்வுகளில் மட்டியே நிறைந்திருந்ததற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. மட்டியின் தசைப்பற்றான கால் மெதுவாகச் செரிக்கும், மென்மையான புழுக்கள் சீக்கிரம் கரைந்துவிடும். செரிமான வேகத்தைச் சோதித்துப் பார்த்தபோது, புழுவும் நத்தையும் முன்பு நினைத்ததைவிட முக்கியம் என்று தெரிந்தது. சில வால்ரஸ்கள் சீலைக்கூடத் தின்னும், கடற்பறவையையும். 1970களின் இறுதியிலேயே பெரிங் நீரிணைப் பகுதியில் சீல் தின்பது கூடியதைக் கவனித்திருக்கிறார்கள்.

ஆனால் சீல் துரத்துவதற்கு அமைந்த உடம்பு இல்லை அது. உறிஞ்சுவதற்கென்று அமைந்த வாய், தடவுவதற்கென்று அமைந்த மீசை. ஏதோ ஒரு சீல் கிடைத்தது என்பதற்காக, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகளுக்கு அதுவே மாற்று உணவு என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

இரண்டு லட்சம் என்றேன். 2013 முதல் 2017 வரை மரபணு மாதிரிகளை வைத்துப் போட்ட கணக்கில் பசிபிக் வால்ரஸ்கள் ஏறக்குறைய 2,57,000. நாளைக்கே அழிந்துவிடும் என்று கூவுபவர்கள் இதைப் படிக்க வேண்டும். நார்வேயின் ஸ்வால்பார்டில் எண்ணிக்கை கூடியே வருகிறது. அங்கே வேட்டையால் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டு, 1952இல் பாதுகாப்பு வந்த இனம், 2018 கணக்கெடுப்பில் 5,500ஐத் தொட்டது. ஆனால் இதைப் "பார்த்தாயா, பனி குறைந்தாலும் பெருகுகிறது" என்று திருப்புவதை நான் ஏற்கமாட்டேன். அது துப்பாக்கி நின்றதால் வந்த மீட்சி. அங்கே கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் குறைந்த மேய்ச்சலும் இருக்கிறது. சுக்சியின் கணக்கு வேறு.

அமெரிக்க அரசும் இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது. 2011இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கத் தகுந்தது என்றார்கள், வரிசையில் மற்றவை முன்னால் நிற்கின்றன என்று தள்ளி வைத்தார்கள். 2017இல் தேவையில்லை என்றார்கள். ஏன் மனம் மாறியது என்று போதுமாக விளக்கவில்லையே என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. இதற்கிடையே பெரிங் கடலில் உள்ள செயின்ட் லாரன்ஸ் தீவின் பூர்வகுடிகளான யூபிக் மக்களுக்கு 2013இல் வேட்டை வழக்கத்தில் சிறு பங்குதான் கிடைத்தது. பனி சரியில்லை, படகு போக முடியவில்லை. மாநில அரசே பொருளாதாரப் பேரிடர் என்று அறிவித்தது. வால்ரஸ் போகும் வழி மாறினால் முதலில் காலியாவது அவர்கள் அடுப்புதான்.

என் கருத்து இதுதான். கரையில் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது அவசியம். பாயிண்ட் லே மக்கள் விமானங்களையும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் தள்ளி நிற்கச் சொல்வது மிகச் சரி. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. ஹன்னா திட்டு போன்ற மேய்ச்சல் இடங்களில் துரப்பணமும் கப்பல் நெரிசலும் வரக் கூடாது. 2015இல் ஒபாமா நிர்வாகம் அந்தத் திட்டை எண்ணெய்க் குத்தகையிலிருந்து விலக்கியது. இது ஆட்சிக்கு ஆட்சி மாறுகிற சலுகையாக இருக்கக் கூடாது. அப்புறம், ஒவ்வொரு வருடமும் அதே இடங்களுக்குக் கப்பலில் போய், சேற்றை அள்ளி, சல்லடையில் அலசி, மட்டியையும் புழுவையும் எண்ணும் ஆய்வுகள் இருக்கின்றனவே, அவற்றுக்குப் பணம் தடைபடக் கூடாது. கரையில் கிடக்கும் கூட்டத்தைச் செயற்கைக்கோள் எண்ணிவிடும். மட்டியை ஆள் போய்த்தான் எண்ண வேண்டும்.