கேட் மூடியிருப்பது மற்றவர்களுக்கு

ரயில்வே கேட் மூடியிருந்தால் அது எல்லோருக்கும்தான் மூடியிருக்கிறது என்று இத்தனை வயதுவரை நம்பியிருந்த என் அறியாமையை, இன்று காலை ஒரு ஸ்கூட்டர்காரர் போக்கி அருளினார்.

இடப்புறம் நாங்கள் முப்பது நாற்பது பேர், வண்டியை அணைத்துவிட்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். பின்னால் வந்த அவர், வலப்புறம் காலியாகக் கிடந்த பாதையைக் கண்டார். அது எதிரே வருகிறவர்களுக்கான பாதை என்பதெல்லாம் எங்களைப் போன்ற அற்பப் பிறவிகளின் சந்தேகம். அவருக்கோ, தம் ஒருவருக்காகவே அங்கே தார் போட்டிருப்பதாகத் தோன்றியிருக்க வேண்டும். பதற்றமே இல்லாமல் கேட் கம்பிவரை உருட்டிச் சென்று நிறுத்தி, கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். அவரைப் பார்த்து ஓர் ஆட்டோ, இரண்டு கார்கள், ஒரு மினி லாரி. "நான் ஒருத்தன் போனால் என்ன ஆகிவிடும்" என்று எண்ணிய அந்த ஒருத்தர்கள் சற்று நேரத்தில் இருபது பேர் ஆனார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே கணக்கைப் போட்ட மேதைகள் திரண்டிருந்தார்கள்.

சரக்கு ரயில் ஆடி அசைந்து கடந்தது. கேட் உயர்ந்தது. இரு தரப்பும் சாலையை முழுக்க அடைத்தபடி தண்டவாளத்தின் நடுவில் மூக்கோடு மூக்காக முட்டி நின்றன. கேட்கீப்பர் வெளியே வந்து கத்திப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வண்டிக்குக் கேட்டை மூட வேண்டுமே என்ற கவலை அவருக்கு மட்டும்தான் இருந்தது. அப்போது ஸ்கூட்டர்காரர் என் பக்கம் திரும்பி, உண்மையான மனவேதனையோடு சொன்னார்: "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாது சார்."

'நாம்' என்றால் கேட்பவரையும் சேர்த்து, 'நாங்கள்' என்றால் கேட்பவர் நீங்கலாக என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பேசுகிறவரை மட்டும் நீக்கிவிடும் 'நம்ம' ஒன்று இருப்பதைத் தமிழாசிரியர் ஏன் சொல்லித்தரவில்லை?

1981இல் ஓலா ஸ்வென்சன் என்ற ஆய்வாளர், வண்டி ஓட்டும் திறமையில் நீங்கள் எந்த இடம் என்று மாணவர்களிடம் கேட்டார். அமெரிக்கர்களில் 93 சதவீதத்தினரும் சுவீடன்காரர்களில் 69 சதவீதத்தினரும் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். பாதியில் 93 பேர் எப்படி அடங்குவார்கள் என்று யாருக்கும் உறுத்தவில்லை. கேட்டுக்கு முன்னால் பாதிச் சாலையில் ஊரே அடங்குவதைப் பார்த்த எனக்கு அதில் வியப்பும் இல்லை.

அந்த எண்ணைப் படித்தபோது, மிஞ்சிய 7 பேரில் ஸ்கூட்டர்காரரைத்தான் உடனே சேர்த்தேன். என்னை எங்கே வைத்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? ஆனால் என் விஷயத்தில் அது உண்மை ஐயா!