மைக் பிடிக்கிறவருக்கும் விழாக் குழுவுக்கும் சேர்த்தே சொல்கிறேன்

சண்டை போட்ட பையன்களை மட்டும் திட்டிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே ஒரு ஊர்ப் பொட்டலில் நடந்த செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து ஃபைனலை முழுசாகப் பார்த்தவன் நான். அன்றைக்கு மதியத்திலிருந்தே மைக்கில் தூபம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "போன வருஷம் வாங்கினது மறந்துபோச்சா", "இன்னைக்கு யாரு ஆம்பளைன்னு தெரிஞ்சிரும்" என்று ஒருவர் விடாமல் கத்துகிறார், கமிட்டி ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். இரண்டு ஊர்ப் பெயரையும் எழுதமாட்டேன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள், நாளைக்கு ஒரே பந்தியில் உட்காரவேண்டியவர்கள்.

கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி. ரெஃப்ரி விசில் ஊதியதுதான் தாமதம், கோல்போஸ்டுக்குப் பின்னால் ஒரே கயிற்றை ஒட்டி நின்றிருந்த இரண்டு ஊர்க்காரர்களும் கட்டிப் புரள ஆரம்பித்துவிட்டார்கள். கொடி கட்டிய கம்பெல்லாம் அடிக்கிற கம்பாகிவிட்டது, பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகளை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். சுண்டல் விற்ற ஆத்தா சட்டியை அப்படியே போட்டுவிட்டு ரெண்டு பிள்ளைகளை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார். மண்டை உடைந்து கிடந்த பையனை எதிர் டீம் கோல்கீப்பர்தான் பைக்கில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுபோனார். ஆடினவர்களுக்குள் ஒரு பகையும் இல்லை.

ஊர் மேட்ச்சுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கிறார்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் கிளப்புகளின் கால்பந்து ஆட்டம். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து இருந்தார்கள். மைதானத்தில் ஒரு ஃபவுல், மேலே கேலரியில் கைகலப்பு, நெரிசலில் 16 பேர் செத்தார்கள். 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை ஃபைனல். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் ரசிகர்கள் பக்கத்துப் பகுதிக்குள் பாய, அங்கிருந்து தப்ப ஓடியவர்கள் நசுங்கி, சுவரும் சரிந்து 39 உயிர் போனது, பெரும்பாலும் எதிரணியான யுவென்டஸின் ஆட்டம் பார்க்க வந்த இத்தாலிக்காரர்கள். அதற்கப்புறம் இங்கிலாந்து கிளப்புகள் 5 வருஷம் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடவே முடியவில்லை.

சரி, எதிர் ஊர்க்காரனை உள்ளே விடாமல் இருந்தால் போதுமா? போதாது. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங்கில் எதிரணி ரசிகர்களுக்கு அனுமதியே இல்லை. தோற்ற கோபத்தில் சொந்த ரசிகர்களே மைதானத்துக்குள் இறங்க, போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, குறுகலான வாசல்களில் சிக்கி 135 பேர் செத்தார்கள். நம்ம பொட்டலுக்கும் ஒரே வழிதான், ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், இன்னொரு பக்கம் முள்வேலி. அன்றைக்கு ஒருத்தரும் சாகாததற்குக் காரணம் கூட்டம் குறைவு என்பது மட்டும்தான்.

இதே நம்ம ஊர்ப்பக்கம் மஞ்சுவிரட்டு என்றால் அனுமதி வாங்குகிறோம், தடுப்பு கட்டுகிறோம், டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் நிற்கிறது. கால்பந்துக்கு மட்டும் சுண்ணாம்புக் கோடும் ஒரு கயிறும் போதுமென்று யார் சொன்னது? ஆளுக்கொரு பக்கம் நிறுத்துங்கள், வேலியில் இன்னொரு வழி வெட்டுங்கள், கம்போடு வருகிற கொடியை வாசலிலேயே வாங்கி வையுங்கள், பிள்ளைகளைக் கோல்போஸ்ட் பக்கம் உட்காரவைக்காதீர்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஃபைனலுக்கு முந்தின ராத்திரி வாட்ஸப் ஸ்டேட்டஸில் அரிவாள் படம் போட்ட பையனின் அப்பாவும் அதைப் பார்த்திருப்பார்தானே, அவரும் கொஞ்சம் வாயைத் திறக்கவேண்டும்.

அடுத்த போட்டி திருவிழாவோடு வருகிறது. நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் ரெண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுங்கள். கமிட்டித் தம்பிகளிடம் நேரிலும் சொல்லிவிட்டேன்: தடுப்புக் கட்ட பணம் குறைந்தால் என் பங்கைத் தருகிறேன், ஆனால் மைக்கை மறுபடியும் அதே ஆளிடம் கொடுத்தால் என் பிள்ளைகளை அந்தப் பொட்டலுக்கு அனுப்பமாட்டேன்.