நேர்ப்பொருள் என்றாலே உண்மை அல்ல
சொல்லை அதன் நேரடிப் பொருளிலேயே சொல்வது நேர்ப்பொருள். "நேர்ப்பொருளில் சொன்னால் உண்மை, அணிநயத்தோடு சொன்னால் பொய்" என்று நினைப்பது தவறு. 'திமிங்கலம் ஒரு மீன்' முழுக்க நேர்ப்பொருள்தான். ஆனால் பொய், அது பாலூட்டி.

இன்னொன்று, நேர்ப்பொருளை விட்டு வேறு பொருளில் சொல்வது கவிஞர்கள் செய்யும் அலங்காரம் மட்டுமல்ல. அரிசிக் கடையில் 'ரெண்டு கிலோ கொடுங்க' என்கிறோமே, அங்கே அளவின் பெயர் அரிசிக்கு ஆகி வருகிறது. கடைக்காரரை யாரும் ஏமாற்றவில்லை. 'கார்த்திகை பூத்தது' என்றால் மாதம் பூக்கவில்லை, அந்த மாதத்தில் பூக்கும் செடி பூத்தது. இப்படி ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவதை, நன்னூல் என்ற இலக்கண நூல் ஆகுபெயர் என்று, பெயர்ச்சொற்களைப் பற்றிய பெயரியலிலேயே வைத்து விளக்குகிறது.

சரி, அணிநடையில் பொய் சொல்லவே முடியாதா? தாராளமாக முடியும். பத்துப் பேர் வந்த கூட்டத்துக்கு 'ஊரே திரண்டது' என்றால் அது பொய்தான். சொல் எந்தப் பொருளில் நிற்கிறது என்பதும், செய்தி சரியா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள்.